நாற்பத்து மூன்று கறுப்புத் தலைகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அளமேடு தொடக்கப்பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது லிடியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷ அலைச்சலுக்கு இன்றைக்குப் பலன் கிடைக்கப்போகிறது. அந்தப் பரபரப்பில், பொம்மையார்பாளையத்து வீட்டில் சாப்பிட்டு முடித்த இட்லித் தட்டைக் கழுவப் போடாமல் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்திருந்தாள். இங்கே வந்து திறந்தால், பரிசோதனைக்கு எச்சில் எடுக்கும் குப்பிகளுக்கு மேலே எவர்சில்வர் தட்டு. அதில் காய்ந்துபோன தேங்காய்ச் சட்னி. வேறொரு நாளாக இருந்தால் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

லிடியாவுக்கு முப்பத்தொரு வயது. புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் வேலை. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபணு வழியாக இறங்கி வரும் குறைபாடுகளை ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்து, அதற்கு ஏற்ற மாதிரி மருத்துவ வசதி செய்ய வைப்பதுதான் அவளுடைய பிரிவின் பணி. அப்படி அலைந்ததில்தான் மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய இந்த அளமேடு அவள் கண்ணில் பட்டது.

அளமேட்டில் சில குடும்பங்களில் ஒரு விசேஷம் உண்டு. நெற்றிக்கு நேர் மேலே ஒரு கொத்து முடி மட்டும் பிறக்கும்போதே வெள்ளையாக இருக்கும். சிலருக்குக் கண் தேன் நிறம், சிலருக்கு நீலம். இரண்டு கண்ணுக்கும் நடுவே இடைவெளி ஒரு நூல் கூடுதல். இன்னும் சிலருக்குக் காது கேட்காது. அண்ணனுக்கு முடி மட்டும் வெள்ளை, காது துல்லியம். தம்பிக்கு முடியும் வெள்ளை, காதும் கேட்காது. யாருக்கு எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருத்துவப் புத்தகத்தில் இதற்கு ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை லிடியாவே பலமுறை சொல்லிப் பார்த்துத்தான் பழகினாள். ஊரில் அதற்கு உப்புச்சுட்டி என்று பெயர். நெற்றியில் வெள்ளை விழுந்த மாட்டைச் சுட்டி மாடு என்கிறோமே, அந்தச் சுட்டி. உப்பளத்து வெயிலில் வேலை செய்த தாயின் வயிற்றுப் பிள்ளைக்குத் தலையில் உப்பு ஒட்டிக்கொண்டது என்பது ஊரார் கட்சி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு மெஷின் இருக்கிறது. கைப்பேசி அளவுதான். அதன் முனையைக் குழந்தையின் காதில் வைத்தால் அரை நிமிஷத்தில் திரையில் பச்சையோ சிவப்போ வரும். லிடியாவின் பிரிவுக்கு அந்த மாதிரி ஒன்றே ஒன்று கிடைத்திருந்தது. அதை ஒரு வருஷத்துக்கு அளமேட்டுத் துணை சுகாதார நிலையத்தில் வைப்பதா, கடலூருக்குத் தெற்கே இன்னொரு கடற்கரைக் கிராமத்தில் வைப்பதா என்பதுதான் கேள்வி. பிரிவின் தலைவி டாக்டர் அருள்மொழி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரே வம்சத்தில் இருபத்தைந்து பேருக்காவது உப்புச்சுட்டி இருக்கிறது என்று படத்தோடு காட்ட வேண்டும்.

"சொன்னாங்கன்னு எழுதாதே லிடியா, பாத்தேன்னு எழுது. மெஷினை வண்டியிலயே எடுத்துட்டு வர்றேன். இருபத்தஞ்சு இருந்தா அங்கயே இறக்கிடுவேன். இல்லாட்டி மூணு மணிக்குக் கடலூர்ப் பக்கம் வண்டிய விட்டுருவேன்."

லிடியா இதுவரை நேரில் பார்த்தது ஆறு பேரை. மற்றதெல்லாம் வாய்வழிச் செய்தி.

அளமேட்டில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது இரண்டரை, மூன்று வயதில்தான் தெரியவரும். அதுவரை, "கூப்பிட்டா திரும்புதா பாரு, திமிரு" என்று திட்டு வாங்கும். இந்த ஊர்ப் பெண் யுவராணியின் அக்கா மகள் அப்படி மூன்று வயது வரை திட்டு வாங்கியவள். யுவராணி வானூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு இப்போது அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எட்டு மாதம் முடிந்துவிட்டது. போன தடவை லிடியா வந்தபோது முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த மெஷினு எனக்குப் பொறக்கறதுக்குள்ள வந்துருமா?"

"வரவெச்சுடறேன்" என்று லிடியா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாள்.

அதற்காகத்தான் வியாழக்கிழமை ஷேர் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு. லிடியா எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: நெற்றி முடியில் பிறவியிலேயே வெள்ளை உள்ளவர்கள் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரவும், போட்டோ எடுக்கப்படும். மைக்கைப் பிடித்தவள் மகளிர் குழுத் தலைவி சின்னப்பாப்பா. அவள் தன் பங்குக்கு, "போட்டோ டெல்லி வரைக்கும் போவுதுங்கோ" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். லிடியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

உப்பளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும்போது முடிந்துவிடும். பத்தரைக்கெல்லாம் ஜனம் வர ஆரம்பித்தது. லிடியா மேசை போட்டு, கண் அளக்கும் அடிக்கோலை எடுத்து வைத்து, நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் வந்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. தலை நிலக்கரி. மீசை நிலக்கரி. புருவம் இரண்டும் அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி நிலக்கரி. நாடகத்தில் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நேராக மேக்கப் அறையிலிருந்து வந்து நிற்கிறான் என்று தோன்றியது. அந்த ஆள் இரண்டு விரல்களைத் தன் கண்களின் ஓரத்தில் வைத்து இப்படியும் அப்படியும் அளந்து காட்டினார்.

லிடியாவுக்குத் திக்கென்றது. காது கேட்காதவர்களோடு ஊரார் கையால் பேசும் அளமேட்டுக் கைப்பேச்சில் அதுதான் அவளுடைய பெயர்: கண்ணை அளக்கிறவள். அந்தப் பெயரை வைத்தவர் காசிலிங்கம். பிறவியிலேயே காது கேட்காதவர், ஐம்பது வயது, யுவராணிக்குப் பெரியப்பா. அளமேட்டிலேயே பெரிய சுட்டி அவருடையதுதான். உப்பைக் குவித்து வைத்த மாதிரி உச்சி வரை போகும். லிடியா எழுதிய அறிக்கையில் முதல் படமே அந்தத் தலைதான்.

அந்தத் தலையில் இப்போது ஒரு வெள்ளை முடிகூட இல்லை.

லிடியா அவருக்குப் பின்னால் பார்த்தாள். வரிசை. வரிசை முழுக்கக் கறுப்பு. ஆண், பெண், கிழவர், குமரி, எல்லார் தலையும் பளபளவென்று, எண்ணெய் தடவிய தோசைக்கல் வரிசையாக வெயிலில் நிற்பது போல. சாய வாசனை மூக்கை அடைத்தது. ஒரு பெண்ணின் காது மடலில் கறுப்பு, இன்னொருவர் கழுத்தில் கறுப்பு வழிந்த கோடு. எல்லார் முகத்திலும் கல்யாண வீட்டுப் பெருமிதம்.

சின்னப்பாப்பா பட்டுப்புடவை சரசரக்க வந்து நின்றாள்.

"இன்னா மேடம், எப்படி? ஒரு தலையில வெள்ளை தெரியுதான்னு பாருங்க! விட்டுருவேனா நானு?"

"அக்கா..." லிடியா வரிசையைக் காட்டினாள். "வெள்ளை முடியத்தானேக்கா நான் பாக்கணும்னு சொன்னேன்?"

"போட்டோ எடுக்கறேன்னு சொன்னீங்களே."

"அந்த வெள்ளையத்தான் போட்டோ எடுக்கணும்."

சின்னப்பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருக்குதே கதை! வெள்ளைய யாராவது போட்டோ எடுப்பாங்களா? ஆதார் கார்டுல எங்க மூஞ்சிய எடுத்து வெச்சிருக்கான் பாருங்க, பேய் கெட்டுது. டெல்லிக்காரன் முன்னாடி அந்த மானக்கேடு இன்னொரு தடவை வேணாம்னுதான் குழுவுல பேசி, பார்லர் பொண்ணையே வரவழைச்சு, மொத்தமா அடிச்சு உட்டேன். நாற்பத்து மூணு தலை மேடம்! நேத்து காலையில பத்து மணிக்கு உக்காந்தது, ராத்திரிதான் எந்திரிச்சுது அந்தப் பொண்ணு."

லிடியா நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வயிற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தது வேறு. முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசை குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்ததும், காரணம் தெரியாமலே வரிசையும் சிரிக்க ஆரம்பித்தது. காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றி, தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "இதுக்கா?" என்று கையால் கேட்டார். லிடியா ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி, எந்தக் கோணம் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் நிலைமை உறைத்தது. மணி பதினொன்று. அருள்மொழி மேடம் ஒரு மணிக்கு வந்துவிடுவார்.

"சரி. பரவால்ல. வெள்ளை முடி இருந்தவங்க மட்டும் கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. ஊர் முழுக்க வந்து நிற்கிற இடத்தில் யார் தூக்குவார்கள்?

"அவங்களுக்குத்தான் அந்தக் காது மெஷின் வரும்" என்று சின்னப்பாப்பா விளக்கம் கொடுத்தாள்.

மெஷின் என்றதும் எல்லாக் கைகளும் எழுந்தன. நாற்பத்து மூன்று பேர் போக, வேடிக்கை பார்க்க வந்தவர்கள், சைக்கிளில் ஐஸ் விற்க வந்தவர், எல்லாரும். டீக்கடை வேல்முருகன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் தலை முழு வழுக்கை.

"எனக்கும் இருந்துச்சு மேடம்."

"எங்கே இருந்துச்சுண்ணா?"

"இங்கதான்." வெறும் மண்டையில் உத்தேசமாக ஓர் இடத்தைத் தொட்டார். "கொட்டிப்போச்சு."

"டேய், நீ வந்தவாசியிலிருந்து பொழைக்க வந்தவன்டா!" என்றாள் சின்னப்பாப்பா. "உனக்கு எங்க வம்சத்து சுட்டி எப்படிடா வரும்?"

"டீ போட்டுக் குடுத்து ஒட்டிக்கிச்சு" என்றார் வேல்முருகன். பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

லிடியா அடிக்கோலை எடுத்து ஒவ்வொருவராகக் கண் இடைவெளியை அளக்க ஆரம்பித்தாள். சாயம் பூசி மறைக்க முடியாத அடையாளம் அது ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஆள் ஆடாமல் உட்கார வேண்டும். பக்கத்திலிருப்பவர், "உனக்கு மூக்குதான்டி அகலம்" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எட்டுப் பேர் முடிந்திருந்தது. கூட்டத்தில் நூறு பேருக்கு மேல். அளவு கிடைத்தாலும் படம் கிடையாது. 'பாத்தேன்னு எழுது.' எதைப் பார்த்தேன் என்று எழுதுவது?

அப்போதுதான் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பார்லர் வைத்திருக்கும் பூஜா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். விரல் பத்தும் கருநீலம்.

"அக்கா, எல்லாரையும் அப்படியே வெளிச்சத்துல நிக்க வைங்க. எனக்கு ஆஃப்டர் எடுக்கணும்."

"என்ன எடுக்கணும்?"

"ஆஃப்டர் போட்டோக்கா. நேத்து பிஃபோர் எடுத்துட்டேன். கரண்ட் போயிருச்சு, ஆஃப்டர் எடுக்கல. எங்க தொழில்ல பிஃபோர் எடுக்காம ஒரு தலையத் தொட மாட்டோம். இல்லாட்டி நாளைக்கு, 'நீ இன்னாத்த கிழிச்ச'ன்னு கேப்பாங்க."

லிடியா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"நாற்பத்து மூணு பேருக்கும் எடுத்தியா?"

"நாற்பத்து மூணும். முன்நெத்தி, உச்சி, ரெண்டு பக்கம். மூஞ்சி வராது, தலை மட்டும்தான்."

"பூஜா, குடு அதை. ஒரு நிமிஷம் குடு."

பூஜா கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சிரித்த முகம் சட்டென்று இறுகிவிட்டது.

"தர மாட்டேன்க்கா."

"ஏம்மா?"

"எட்டு வருஷமா இந்த ஊரு பொண்ணுங்களுக்கு அடிக்கறேன். பொண்ணு பாக்க வர்றதுக்கு மொத நாளு பின்பக்கக் கதவு வழியா வருவாங்க. யாருக்கு எங்க வெள்ளைன்னு கூடப்பொறந்ததுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஒரு தலைய வெளிய காட்டினேன்னா, என் கடைய அன்னிக்கே மூடிட்டுப் போகணும். நீங்க ஆராய்ச்சி பண்றீங்க, நல்லதுதான். ஆனா அது அவங்க தலை."

லிடியாவுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சம்மதப் படிவம் என்று நூறு தாள் அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறவள் அவள். அந்தத் தாளில் எழுதியிருப்பதையே இந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

"நீ சொல்றதுதான் சரி. அப்ப அவங்களையே கேப்போம். ஒவ்வொருத்தரா."

இரண்டாம் வகுப்பு அறையை ஒழித்தார்கள். உள்ளே பூஜா மட்டும். ஒருவர் உள்ளே போவார். பூஜா அவருடைய படத்தை அவருக்கே காட்டுவாள். அவர் சரி என்றால்தான் லிடியாவை உள்ளே கூப்பிடுவாள். லிடியா படிவத்தில் கையெழுத்து வாங்கி, கண்ணையும் அளந்துகொள்வாள். முடியாது என்றால் அந்த ஆள் எதிர்க் கதவு வழியாகப் போய்விடலாம். லிடியா பெயரைக்கூடக் கேட்க மாட்டாள்.

ஏற்பாடு பிசகில்லாமல் நடந்தது. நாற்பத்து மூன்றில் பதினாலு பேருக்கு வெறும் வயது நரை. "உங்களுது சுட்டி இல்ல தாத்தா, வயசு" என்று பூஜா சொன்னால், "போட்டோவாவது எடுத்து உடும்மா" என்று கெஞ்சினார்கள். மூன்று மகள்களையும் கட்டிக் கொடுத்துவிட்ட அஞ்சம்மாள், "இனிமே எவன் வந்து என்ன பொண்ணு கேக்கப்போறான்? காட்டுடி!" என்று கத்தியது வெளியே வரை கேட்டது. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் வைத்திருந்த ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு எதிர்க் கதவு வழியாகப் போனான். அவனைப்போல இன்னும் மூன்று பேர். காசிலிங்கம் தன் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கைகளை விரித்து, சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று காட்டினார். தன் கறுப்புத் தலையைத் தொட்டு, எதையோ கடித்துத் துப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஒரே நாளில் அவருக்குக் கறுப்பு அலுத்துவிட்டது.

ஒரு மணிக்கு டாக்டர் அருள்மொழியின் வண்டி வந்தது. அவர் இறங்கி, பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற கறுப்புத் தலைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"லிடியா, வெள்ளை முடின்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"நேத்து வரைக்கும் இருந்துச்சு மேடம்."

நடந்ததைக் கேட்டதும் அருள்மொழி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய் ஓரம் துடித்தது. ஆனால் அவர் அவர்தான். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கண் அளவோடு ஒப்பிட்டார், லிடியா வரைந்திருந்த வம்சக் கோட்டுப் படத்தில் பென்சிலால் குறித்தார். எல்லாம் முடிய மணி இரண்டரை.

"இருபத்து நாலு" என்றார். "நல்ல வேலை. ஆனா இருபத்து நாலு."

லிடியா வரிசையைப் பார்த்தாள். வரிசையே இல்லை. வகுப்புக்குள்ளே, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு யுவராணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பூஜா அவள் பக்கத்தில். வெளியே வேப்பமரத்தடியில் யுவராணியின் கணவன் ஜெயப்பிரகாஷ், ஒரு கையில் குடையும் மறு கையில் மனைவிக்கு வாங்கிய இளநீருமாக நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா" என்றாள் யுவராணி, தாழ்ந்த குரலில். "எனக்கும் இருக்குது. பத்தாவது படிக்கறப்பலேர்ந்து அடிக்கறேன். அவருக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கு இருக்குது, அக்கா மகளுக்கு இருக்குதுன்னு தெரியும். எனக்குன்னு தெரியாது. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லணும்னு இல்ல யுவராணி."

"நான் சொல்லலேன்னா மெஷினு போயிரும்ல?"

லிடியா மழுப்பவில்லை. இந்த வாக்கு விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தப்பு செய்தாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம்.

"போகலாம். இருபத்து நாலுன்னு சொல்லி மேடம்கிட்ட சண்டை போடறேன். அது என் வேலை, உன் தலையில ஏத்த மாட்டேன்."

"மெஷினு வந்தா மட்டும் இன்னாக்கா ஆவும்? கேக்காத காது கேட்டுருமா?"

"ஆகாது. பிள்ளைக்கு சுட்டி வர்றதுக்குப் பாதிக்குப் பாதி. வந்தாலும் காது நல்லா இருக்கலாம், உன்ன மாதிரி. மெஷின் எதையும் மாத்தாது. மொத மாசத்துலயே தெரிஞ்சிரும், அவ்வளவுதான். தெரிஞ்சா, காதுல கேக்கற கருவி வெக்கறதோ, கைப்பேச்சு பேசறதோ, மொத நாள்லேர்ந்தே ஆரம்பிச்சிரலாம். மூணு வருஷம் அந்தப் பிள்ளை திட்டு வாங்க வேணாம்."

 யுவராணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க."

ஜெயப்பிரகாஷ் இளநீரோடு ஓடி வந்தான். அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். "பூஜா, காட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் கைப்பேசியைப் பார்த்தான். யுவராணியைப் பார்த்தான். மறுபடி கைப்பேசியைப் பார்த்தான்.

"இதுக்கா என்னக் கூப்பிட்ட?"

யுவராணி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"யுவா, நம்ம வீட்டுல தலையணை உறைய யாரு துவைக்கறாங்க?"

"நீங்கதான்."

"ரெண்டு வருஷமா கறுப்பைத் துவைச்சிட்டு இருக்கேன். பனியன் எல்லாம் கறுப்பு. கல்யாணமாகி பத்தாவது நாளு, நீ தூங்கறப்ப வேர்ல பாத்தேன். அழகாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

ஜெயப்பிரகாஷ் இளநீரை மேசை மேல் வைத்தான். பிறகு வாய்க்குள் விரலை விட்டு முன்பல் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினான்.

"நான் உன் முடியப் பத்திக் கேட்டா, நீ என் பல்லப் பத்திக் கேப்பியோன்னு பயம்."

பல் இல்லாத இடத்திலிருந்து வார்த்தை காற்றாக வந்தது. யுவராணி அந்த ஓட்டையைப் பார்த்தாள், கையிலிருந்த பல்லைப் பார்த்தாள். "அடப்பாவி!" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. சிரித்து, மூச்சு வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "இங்கயே பெத்துத் தொலைக்காதடி" என்று பூஜா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். கதவைத் திறந்ததும் வெளியில் ஒட்டிக்கொண்டு நின்ற சின்னப்பாப்பா உள்ளே விழுந்தாள்.

"சத்தியமா ஒண்ணும் கேக்கல" என்றாள் தரையிலிருந்து. "எந்தப் பல்லு?"

டாக்டர் அருள்மொழி யுவராணியின் கண்ணைத் தன் கையாலேயே அளந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து வம்சக் கோட்டின் கடைசி வரிசையில் ஒரு சின்ன வட்டத்தைக் கறுப்பாக்கினார். "இருபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு, "டிரைவர், அந்தப் பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்றார். மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

அளமேடு அப்போது போட்ட கூச்சலுக்குக் கழுவெளி ஏரியில் இரை தேடிக்கொண்டிருந்த நாரைகள் எல்லாம் ஒரே கொத்தாக எழுந்து பறந்தன. லிடியா யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் வழுக்கைத் தலை வேல்முருகனைக் கட்டிக்கொண்டாள். அவர், "அப்ப என்னையும் எழுதிக்கிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்து மெஷினை வெளியே எடுத்தாகிவிட்டது. வேலை செய்கிறதா என்று சோதிக்கப் பச்சைக் குழந்தை ஒன்று வேண்டும். ஊரில் அந்த நேரத்துக்குப் பச்சைக் குழந்தை இல்லை.

"பெரியவங்க காதுலயும் வெச்சுப் பாக்கலாம், பெரிய முனை இருக்கு" என்றார் அருள்மொழி. அவ்வளவுதான். காலையில் கலைந்த வரிசை மறுபடி கூடிவிட்டது. சின்னப்பாப்பா முதல் ஆளாக உட்கார்ந்தாள். பச்சை. "எனக்குப் பாம்புக் காது, ஊருக்கே தெரியும்" என்றாள். ஜெயப்பிரகாஷுக்குப் பச்சை. டிரைவருக்கும் பச்சை. மெஷின் எல்லாருக்கும் பச்சையே காட்டுகிறதோ என்று ஊருக்குச் சந்தேகம் வந்தது.

காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது காதைக் கொடுத்தார். எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். அரை நிமிஷம். திரை சிவந்தது. இடது காது. அதுவும் சிவப்பு.

 காசிலிங்கம் திரையை எட்டிப் பார்த்து, சிவப்பு என்றால் என்ன என்று சின்னப்பாப்பாவிடம் கையால் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி, காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள்.

காசிலிங்கம் முகமெல்லாம் பல்லாக எழுந்தார். டாக்டர் அருள்மொழியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கன்றுக்குட்டியைத் தட்டிக் கொடுப்பது போல மெஷினைத் தட்டிக் கொடுத்தார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் பேசினார். சின்னப்பாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயால் சொன்னாள்:

"நல்ல மெஷினாம். பொய் சொல்லலியாம். ஊர்க்காரன் எல்லாம் மூணு வருஷம் கழிச்சுக் கண்டுபுடிச்சதை அரை நிமிஷத்துல சொல்லிருச்சாம். தைரியமா வெச்சுக்கலாம்னு சொல்றாரு."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் யுவராணியின் வயிற்றைக் காட்டினார். திரையைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டு, விரல்களை வேக வேகமாக மடக்கி விரித்தார். இதை யுவராணியே கணவனுக்குச் சொன்னாள்.

"பச்சை வந்தா நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க. சிவப்பு வந்தா எங்கிட்ட குடுங்க, இந்த ஊர்லயே பெரிய வாயாடியா ஆக்கிடறேன்னு சொல்றாரு."

"எது வந்தாலும் குடுக்கறோம்னு சொல்லு" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"நீங்களே சொல்லுங்க."

அவன் அவசரமாகக் கையை ஆட்டி எதையோ சொல்லிப் பார்த்தான். என்ன சொன்னானோ தெரியவில்லை. காசிலிங்கம் திகைத்துப்போய் ஓரடி பின்னால் நகர்ந்தார். யுவராணி மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் அடுத்து நின்ற வேல்முருகன், "பேசி முடிச்சிட்டீங்கன்னா என் காதைக் கொஞ்சம் பாருங்கப்பா" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.